தட்டில் இல்லாத காரணம்: பிள்ளை குண்டாவதில் ரசாயனத்துக்குப் பங்கு உண்டா?

திண்ணைக்காரன் | சனி, காலை 7.10

மகளுக்கு ஒன்பது வயசு, 44 கிலோ. போன வாரம் காய்ச்சல் என்று கூட்டிப்போனோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டும் முன்பே என் மனைவியைப் பார்த்து, "நொறுக்குத்தீனி டப்பாவைப் பூட்டி வைங்கம்மா" என்றார். மருந்துச் சீட்டில் கடைசி வரியும் அதுதான். வீடு வரும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 12, விலா எலும்பை எண்ணலாம். ஒரே குக்கர், ஒரே சாம்பார், ஒரே பிஸ்கட் டப்பா. சொல்லப்போனால் டப்பாவைக் காலி செய்பவன் அவன்தான். ஓடியாடுவதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ராத்திரி தூக்கம் வராமல் தேடியபோது 'ஒபிசோஜென்' என்ற சொல் கண்ணில் பட்டது. கருவில் இருக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ சில ரசாயனங்கள் உடம்புக்குள் போனால், ஹார்மோன் வேலையைக் குழப்பி, பிற்பாடு கொழுப்பு சேரும்படி உடம்பைத் தயார் செய்துவிடும் என்கிறார்கள். இது நிஜ விஞ்ஞானமா, என்னை மாதிரி அப்பன்கள் மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு சாக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேன், எலுமிச்சை யோசனைகள் வேண்டாம், ப்ளீஸ்.


கணக்குப்பிள்ளை | சனி, காலை 7.48

சாக்குதான். நேராகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம். அடுத்த சுற்றில், 2019-21-ல், 40.4. அஞ்சே வருஷம். அந்த அஞ்சு வருஷத்தில் நம் தெருவில் புதிதாக முளைத்தது என்ன? ரசாயன ஆலையா, ஃபிரைடு சிக்கன் கடையா? முன்பெல்லாம் பரோட்டா வேண்டுமென்றால் செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கணும். இப்போது பரோட்டாவே வாசலுக்கு நடந்து வருகிறது.

உள்ளே போவதில் செலவானது போக மிச்சம் இடுப்பில். இதற்கு மேல் என்ன பேரேடு வேண்டும்?


ஆய்வகப் பூனை | சனி, காலை 9.30

கணக்குப்பிள்ளை சார், பேரேடு சரிதான். ஆனால் மிச்சம் விழுவதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று முடிவு செய்பவர் ஒருவர் இருக்கிறார் இல்லையா? கேள்வி அவரைப் பற்றியது.

நான் மதுரையில் ஆறு வருஷம் கொழுப்புச் செல்களை வளர்த்தவள். தட்டில் போட்டுத் தினமும் மருந்து ஊற்றி, எட்டாம் நாள் சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். கொழுப்புத் துளிகள் குங்குமம் சிந்தியது போலத் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

கதை கப்பலில் தொடங்குகிறது. கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல்டின் என்ற தகர ரசாயனத்தைப் பெயின்டில் கலந்தார்கள். சுருக்கமாக டிபிடி. எழுபதுகளின் கடைசியில் பிரான்சின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்தது, குஞ்சுகள் தங்கவில்லை, சிப்பி வளர்த்தவர்கள் திவாலானார்கள். துறைமுகங்களை ஒட்டிய பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. தண்ணீரில் இருந்ததோ அற்ப அளவு. உலக அளவில் இந்தப் பெயின்டுக்குத் தடை அமலுக்கு வந்தது 2008-ல்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் புரூஸ் புளூம்பெர்க் இந்த டிபிடி எந்த ஹார்மோன் வாங்கியை, அதாவது செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை, தட்டுகிறது என்று தேடினார். ஆண், பெண் ஹார்மோன் பக்கம் ஏதாவது கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது வேறு: பிபார் காமா என்ற வாங்கி. ஒரு மூலச்செல் எலும்பாகப் போவதா கொழுப்பாகப் போவதா என்கிற முச்சந்தியில் கைகாட்டி மரம் மாதிரி நிற்பது அதுதான். டிபிடி அதைக் கொழுப்புப் பக்கம் திருப்பிவிடுகிறது. புளூம்பெர்க்கும் ஃபெலிக்ஸ் குரூனும் 2006-ல் 'ஒபிசோஜென்' என்று பேர் வைத்தது இதற்குத்தான். சினை எலிக்கு டிபிடி கொடுத்தார்கள். பிறந்த குட்டிகள் வளர்ந்தபோது மொத்த எடையில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடியிருந்தது. தராசு மட்டும் வைத்திருந்தால் அதைக் கண்டுபிடித்தே இருக்க முடியாது.

எலிக்குத்தானே என்பீர்கள். இந்த வாங்கியை மனிதர்களிலும் தட்டிப் பார்த்தாகிவிட்டது, அதுவும் லட்சக்கணக்கானவர்களில், மருந்துச் சீட்டு எழுதி. பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை வேலை செய்வதே பிபார் காமா வழியாகத்தான். அதன் பக்கவிளைவு என்ன என்று இங்கே சாப்பிட்டவர் யாராவது சொல்லட்டும்.


சர்க்கரைப் பொங்கல் | சனி, காலை 9.52

நான் சொல்றேன். ரெண்டு வருஷத்துல ஆறு கிலோ. சுகர் கட்டுல இருந்துச்சு, பேன்ட்தான் கட்டுல இல்ல. கால் வீக்கம் வேற. 2013-ல அந்த மாத்திரையத் திடீர்னு நிறுத்தச் சொன்னாங்க, ஒரு மாசத்துல திரும்ப விக்கலாம்னாங்க. அதுக்குள்ள என் டாக்டர் வேற மாத்திட்டார். அந்த ஆறு கிலோவுல நாலு இன்னும் என்கூடத்தான் இருக்கு.


கணக்குப்பிள்ளை | சனி, காலை 10.15

மேடம், மாத்திரை என்பது தினமும் 15, 30 மில்லிகிராம். கப்பல் பெயின்டிலிருந்து நம் தட்டுக்கு வருவது அதில் எத்தனை லட்சத்தில் ஒரு பங்கு? சாட்டையால் அடித்தால் தோல் உரியும் என்பதால், சாட்டையின் நிழல் பட்டாலும் உரியும் என்று சொல்லிவிட முடியுமா?


ஆய்வகப் பூனை | சனி, காலை 10.40

நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பெரியவர் உடம்பும் கருவும் ஒன்றில்லை. ஈர சிமென்டில் கோழி நடந்தாலே தடம் விழும், காய்ந்தபின் லாரி போனாலும் விழாது.

கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை சிறுவயதிலும் வாலிபத்திலும் முடிவாகிவிடுகிறது. இதை ஸ்வீடனில் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றைக்கும் மலைப்பு. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அது செடிக்குப் போய், சோற்றுக்கு வந்து, நம் மரபணுவிலும் பதிந்தது. அந்தப் பதிவை வைத்து ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் எப்போது பிறந்தது என்று கணக்கிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு செல் சாகிறது, அதே அளவு பிறக்கிறது, மொத்தம் மாறுவதில்லை. வயிற்றைச் சுருக்கும் அறுவை செய்து நன்றாக இளைத்தவர்களுக்கும் செல் எண்ணிக்கை குறையவில்லை, உள்ளே இருந்த சரக்குதான் குறைந்தது. காலி மூட்டைகள் அப்படியே அடுக்கிக் கிடக்கின்றன, நிரப்பச் சொல்லி.

எத்தனை மூட்டை என்பது கருவிலிருந்தே எழுதப்பட்டு வருகிறது என்றால், அந்த நேரத்தில் பேனாவைத் தட்டிவிடுவது சின்ன விஷயம் இல்லை.


வாய்க்கா வரப்பு | சனி, மதியம் 1.05

எல்லாரும் எங்கியோ போறீங்க. பிராய்லர் கோழிக்கு ஊசி போடுறாங்களே, ஹார்மோன் ஊசி, அதத் தின்னா பிள்ளை பெருக்காம என்ன செய்யும்? எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக எல்லாம் சீக்கிரமே வயசுக்கு வருதுங்க. நாப்பது நாள்ல ரெண்டு கிலோ கோழி எப்படிங்க வரும் ஊசி இல்லாம?


ஆய்வகப் பூனை | சனி, மதியம் 1.32

அண்ணே, இது மட்டும் இல்லை. ஐயாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடக் கூலி கொடுத்தால் பண்ணைக்காரர் கோவணத்தோடு போகவேண்டியதுதான். கோழி பெருத்தது இனப்பெருக்கத் தேர்வால்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய இனங்களை அழியாமல் வைத்திருந்து ஒரு சோதனை செய்தார்கள். 1957-ன் இனம், 1978-ன் இனம், 2005-ன் இனம், மூன்றுக்கும் ஒரே தீவனம். 56-ம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஊசியும் இல்லை, மந்திரமும் இல்லை.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பழைய உண்மையும் இருக்கிறது. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டிஇஎஸ், 1938-ல் செயற்கையாகச் செய்த பெண் ஹார்மோன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கோழியையும் மாட்டையும் கொழுக்க வைக்க அதைத்தான் கொடுத்தார்கள், பிறகு தடை செய்தார்கள். அதே மருந்தைக் கரு கலையாமல் இருக்க என்று கர்ப்பிணிகளுக்கும் எழுதினார்கள். 1971-ல்தான், அந்தத் தாய்மார்களின் பெண்களுக்கு இளவயதிலேயே அபூர்வமான பிறப்புறுப்புப் புற்று வருவதைப் பார்த்து நிறுத்தினார்கள்.

வட கரோலினாவில் ரீத்தா நியூபோல்ட் இந்த டிஇஎஸ்ஸைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு முதல் அஞ்சே நாள் மிகச் சிறிய அளவில் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். சில மாதத்தில் அவை உருண்டை உருண்டையாக நின்றன. அஞ்சு நாள் பாவம், ஆயுசுக்கும் தொப்பை.


வாய்க்கா வரப்பு | சனி, மதியம் 1.50

சரிம்மா, கோழிய விடுங்க. மருந்தடிக்கிறோமே, அதுக்கு என்ன சொல்றீங்க? கத்திரிக்கு வாரம் ஒருக்கா அடிக்கிறான். நானும் முப்பது வருஷம் டேங்க முதுகுல சுமந்தவன்தான். மேலெல்லாம் ஒழுகும், ராத்திரி வரைக்கும் அந்த நாத்தம் போகாது. நான் ஒல்லிதான், ஆனா சுகர் இருக்கு. எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல.


ஆய்வகப் பூனை | சனி, மதியம் 2.20

அண்ணே, இது நிஜமாகவே ஆராய்ந்த விஷயம், நம் மதுரைப் பக்கத்திலேயே. காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கிராமங்களில் மூவாயிரம் பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். பூச்சிமருந்தோடு அதிகம் புழங்குபவர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. உடம்பு பெருத்ததால் வந்தது என்றும் சொல்ல முடியவில்லை, பெரும்பாலும் உங்களைப் போல உழைத்து இறுகிய உடம்பு. எலிக்கு ஆறு மாதம் மோனோகுரோட்டோபாஸ் கொடுத்துப் பார்த்ததில், குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தை உடைத்து அசிட்டேட்டாக்க, கல்லீரல் அதைச் சர்க்கரையாக்குகிறது என்று தெரிந்தது. 2017-ல் வெளிவந்தது. இது எடை பற்றியதல்ல, சர்க்கரை பற்றியது. அதனால் இந்த இழைக்கு ஓரமாக நிற்கிறது. ஆனாலும் முகக்கவசம் கட்டாமல் அடிக்காதீர்கள்.


கணக்குப்பிள்ளை | சனி, மாலை 5.00

கடைக்குப் போய்வந்து முழுசாகப் படித்தேன். எலி, எலி, நத்தை, கோழி, எலி. மனுஷனைக் காட்டுங்கள்.

கெட்டி பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிபிஏ என்ற ரசாயனம் பற்றி நானும் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் 2003-04-ல் சிறுநீர் எடுத்துப் பார்த்ததில் 93 சதவீதம் பேரிடம் அது இருந்ததாம். குண்டானவர்களிடம் கூடுதலாம். இருக்காதா பின்னே? குண்டானவர் அதிகம் சாப்பிடுகிறார், டின்னில் அடைத்தது சாப்பிடுகிறார், டின் பூச்சில் பிபிஏ இருக்கிறது. டின் அவரைக் குண்டாக்கியதா, குண்டர் டின்னைத் திறந்தாரா? அதிலும் பிபிஏ உடம்பில் ஒரு நாள்கூடத் தங்காது. இன்று காலை பிடித்த ஒரு டப்பா சிறுநீரை வைத்துப் பத்து வருஷத் தொப்பைக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்க அரசே பிபிஏவுக்காகப் பெரிய எலிச் சோதனை நடத்தி 2018-ல் முடிவு சொன்னது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அதையும் சொல்லுங்கள்.


வடகடல் | சனி, இரவு 8.25

வணக்கம். நான் டென்மார்க்கில ஓகூஸ் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறன், முதியோர் இல்லத்தில வேலை. கணக்குப்பிள்ளை அண்ணை கேக்கிற மாதிரி, முதலே ரத்தம் எடுத்து வச்சுட்டுப் பிறகு பிள்ளையளைப் பார்த்த ஆய்வு எங்கட நகரத்திலயே நடந்தது. அதுக்குத்தான் எழுதுறன்.

1988, 89-ல இஞ்ச கர்ப்பமா இருந்த தாய்மாரிட்ட முப்பதாவது கிழமையில ரத்தம் எடுத்துக் குளிரில வச்சிருந்தவை. பிள்ளையள் 20 வயசு ஆனாப்பிறகு எடையும் இடுப்பும் அளந்தவை. தாயின்ர ரத்தத்தில பிஎஃப்ஓஏ எண்ட சாமான் கூட இருந்த பெட்டைப் பிள்ளையளுக்கு, குறைய இருந்தவையைவிட எடை கூடுற சாத்தியம் மூண்டு மடங்கு. பெடியளில அப்பிடித் தெளிவா வரேல்ல. ஏனெண்டு ஒருத்தரும் இன்னும் சரியாச் சொல்லேல்ல. 2012-ல வந்த ஆய்வு.

பிஎஃப்ஓஏ உங்கட பிபிஏ மாதிரி நாளைக்குப் போற சாமான் இல்லை, வருசக்கணக்கா ரத்தத்தில நிக்கும். ஒட்டாத பூச்சு, கறை பிடிக்காத துணி, எண்ணெய் ஊறாத கடதாசி செய்யிற இடங்களில இந்தக் குடும்பத்துச் சாமான்களைப் பாவிச்சவை. 2020-ல இருந்து இஞ்ச சாப்பாட்டுக் கடதாசியில அதுகளைப் போடக்கூடாது எண்டு சட்டம். சின்னப் பிள்ளையளின்ர சாப்பாட்டுச் சாமானில பிபிஏக்கு 2010-லயே தடை. என்ர ரெண்டு பிள்ளையளும் இஞ்சதான் பிறந்தது, அதால இதெல்லாம் தேடி வாசிச்சனான்.


ஆய்வகப் பூனை | சனி, இரவு 9.10

வடகடல் அக்கா, நன்றி. நானும் அதைத்தான் எடுக்க நினைத்தேன். சார் கேட்டதற்கு இன்னும் இரண்டு.

ஒன்று, கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட். 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுத்து உறையவைத்தார்கள். அமெரிக்கா டிடிடி என்ற பூச்சிமருந்தை அள்ளித் தெளித்த காலம் அது. பார்பரா கோன் குழுவினர் இன்றுவரை அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்கிறார்கள். 2021-ல் வந்தது பேத்திகளின் கணக்கு. பாட்டியின் ரத்தத்தில் ஒருவகை டிடிடி அதிகம் இருந்து, பாட்டியும் சரியான எடையில் இருந்திருந்தால், பேத்திக்கு உடல்பருமன் வர வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. பாட்டி வயிற்றில் அம்மா கருவாக இருக்கும்போதே அந்தக் கருவுக்குள் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பேத்தி அதில் ஒன்று. ஆக ஒரே தெளிப்பில் மூன்று தலைமுறை நனைந்திருக்கிறது. பேத்திகள் சில நூறு பேர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பதற்குள்.

இரண்டு, புகை. கர்ப்பத்தில் புகைத்த தாய்மார்களின் பிள்ளைகள் எடை குறைந்து பிறக்கிறார்கள், பிற்பாடு குண்டாகிறார்கள். 14 ஆய்வுகள், 84 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், வாய்ப்பு ஒன்றரை மடங்கு. கருவில் பட்ட ரசாயனத்துக்கும் பின்னாள் எடைக்கும் மனிதரில் இவ்வளவு கனமான சாட்சி வேறு எதற்கும் இல்லை. இதிலும் ஓட்டை உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளை, புகைத்தபோது பிறந்தவன், விட்டபின் பிறந்தவன் என்று ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்குகிறது. குடும்பச் சூழலும் உள்ளே கலந்திருக்கிறது.

பிபிஏ விஷயத்தில் சார் சொன்னதில் முக்கால்வாசி சரி. எடைக்கு அதைக் குற்றவாளி ஆக்க மனித ஆதாரம் தளர்ச்சியானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதன் தினசரி வரம்பை இருபதாயிரம் மடங்கு குறைத்தது என்று எல்லாரும் எடுத்துவிடுவார்கள். அது நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு ஆகும் கெடுதலை வைத்து, எடையை வைத்து இல்லை.


கணக்குப்பிள்ளை | சனி, இரவு 9.45

எதிர்க்கட்சியே என் வாதத்தையும் சேர்த்துப் பேசினால் நான் எங்கே போவது.

டென்மார்க், ஓக்லண்ட் இரண்டையும் படித்தேன். முன்கூட்டி எடுத்த ரத்தம் என்பதால் டின்-குண்டர் கேள்வி அடிபட்டுப் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு தராசுக் கேள்வி பாக்கி. 2019-ல் அமெரிக்காவில் இருபது பேரை மருத்துவமனைக்குள் வைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் வீட்டுப் பக்குவ உணவு கொடுத்தார்கள். ஆலை உணவில் தினமும் 500 கலோரி கூட உள்ளே போனது, இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. பாட்டி, பேத்தி, அணுகுண்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நூறு ரூபாய் எடைக் கணக்கில் தொண்ணூறு ரூபாய் இதற்குத்தான் என்பேன். உங்கள் கப்பல் பெயின்டுக்குப் பத்து.


ஆய்வகப் பூனை | சனி, இரவு 10.02

பத்து ரூபாய் கொடுத்ததே பெரிது. ஒரே ஒரு திருத்தம்: இரண்டும் தனித்தனி ரூபாய் இல்லை. அதே 500 கலோரி திண்ணைக்காரர் வீட்டில் அண்ணனுக்கும் போகிறது, தங்கைக்கும் போகிறது. ஒருத்தருக்கு ஒட்டுகிறது, ஒருத்தருக்கு ஒட்டவில்லை. அந்த வித்தியாசத்தில் மரபணுவுக்குத்தான் பெரிய பங்கு. மிச்சத்தில் கருக்காலம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது.


ஈரத்துண்டு | ஞாயிறு, காலை 6.20

நேத்துல இருந்து படிக்கிறேன். ஒண்ணு கேக்கணும். இவ்வளவு நாள் "நீ ஊட்டி ஊட்டிக் கெடுத்தே"ன்னு அம்மாவைச் சொன்னீங்க. இப்ப "நீ வயித்துல வெச்சிருக்கும்போதே கெடுத்தே"ன்னு சொல்லப்போறீங்களா? ஏழு மாசத்துல என்ன தண்ணி குடிச்சே, எந்த டப்பாவுல சாப்பிட்டேன்னு என் மாமியார் கேக்குற நாள் வந்துரும்போல.

எனக்கு முதல் பிரசவத்தப்ப ஆஸ்பத்திரியிலயே ஒரு பிளாஸ்டிக் பால்புட்டியக் கையில கொடுத்தாங்க. தாய்ப்பால் வர ரெண்டு நாள் ஆச்சு, அதுக்குள்ள பவுடர் பால் கலக்கி, சுடச்சுட அதுலதான் ஊத்தினாங்க. எங்கம்மா ஊர்லருந்து வெள்ளிப் பாலாடையத் துணியில முடிஞ்சு கொண்டாந்திருந்தாங்க. "இதெல்லாம் இங்க அனுமதி இல்ல"ன்னு நர்ஸ் வாங்கி அலமாரியில வெச்சுட்டாங்க. 2012 அது. பையன் இப்ப எட்டாவது படிக்கிறான், எடை கூடத்தான். அந்த புட்டினாலன்னு சொல்லமாட்டேன். ஆனா அதைத் தேர்ந்தெடுத்தது நான் இல்ல.


ஆய்வகப் பூனை | ஞாயிறு, காலை 7.05

ஈரத்துண்டு, நீங்கள் கேட்டதை எங்கள் துறைக் கூட்டங்களிலேயே யாராவது எழுந்து கேட்டிருக்கலாம். அப்போது பால்புட்டி பாலிகார்பனேட்டில் வந்தது, பாலிகார்பனேட் செய்வதே பிபிஏவில். ஐரோப்பா 2011-ல் புட்டிக்கு அதைத் தடை செய்தது, அமெரிக்கா 2012-ல், நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் தரவிதியில் 2015-ல்தான் வந்தது. நீங்கள் பிரசவித்த வருஷத்தில் சந்தையில் எது இருந்தது என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை. ஓக்லண்டில் டிடிடி தெளித்ததும் அந்தப் பாட்டிகள் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவர் கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்தவுடன் அளந்தார். சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. கை, கால், தசை எல்லாம் சின்னது, முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த பருமன் என்கிறார்கள். புட்டியும் இல்லை, டின்னும் இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தாய் அரைவயிறு உண்டதும் அதில் இருக்கிறது. கருவின் முச்சந்தியில் கைகாட்டியைத் திருப்புவது ரசாயனம் மட்டும் இல்லை, பசியும் திருப்பும். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பட்டினி கிடந்த தாய்மார்களுக்குப் பிறந்த ஆண்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் பஞ்சம் பட்டவர்கள் 19 வயசில் ராணுவத்துக்கு அளந்தபோது அதிகம் பெருத்திருந்தார்கள்.


பட்டறை மணி | ஞாயிறு, காலை 8.40

அம்பத்தூர்ல இருபத்திரெண்டு வருஷமா பிளாஸ்டிக் மோல்டிங். எல்லாரும் 'பிளாஸ்டிக், பிளாஸ்டிக்'னு ஒரே மூட்டையில கட்டுறீங்க, அதுதான் உறுத்துது. சாதி தெரிஞ்சு பேசணும்.

ஓட்டல்ல சாம்பார் கட்டித் தர்ற மெல்லிசு கவர் பாலித்தீன். 2019 ஜனவரியில தடை போட்டும் இன்னும் தொங்குது. அதுல பிபிஏ போட மாட்டோம், வேலையே இல்ல. சுத்தமான சரக்குல பண்ணினதா, குப்பைய உருக்கிப் பண்ணினதாங்குறதுதான் கேள்வி. குப்பைன்னா அதுல என்ன இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது.

பிவிசிதான் வேற. அது இயற்கையில முறுக்கு மாதிரி உடையும். வளையணும்னா நூறு கிலோவுக்கு நாப்பது, அம்பது கிலோ எண்ணெய் ஊத்துவோம். டிஓபின்னு பேரு. படிச்சவங்க தாலேட்ங்கறது அதத்தான். மழைக்கோட்டு, மேஜை விரிப்பு, தோட்டக் குழாய், மலிவு பொம்மை. பிசினோட ஒட்டாது, சும்மா ஊறி உக்காந்திருக்கும், வெயில்ல மெதுவா வெளிய வந்துகிட்டே இருக்கும். பழைய விரிப்பு பிசுபிசுன்னு இருக்குமே, அது அழுக்கு மட்டும் இல்ல.

பிபிஏ வேணும்னா கேன் தண்ணிக்கு வாங்க. இருபது லிட்டர் கேன் ரெண்டு சாதி. கேனக் கவுத்து அடியில பாருங்க, முக்கோணத்துக்குள்ள நம்பர். 1-னா பெட் (PET). 7 போட்டு PC-ன்னு இருந்தா பாலிகார்பனேட். அந்தக் கேன வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப நிரப்புவாங்க. கீறல் விழுந்து வெள்ளையா மங்கிப்போன கேனும் ஓடும். சித்திரை வெயில்ல டாட்டா ஏஸ்ல அடுக்கி மதியம் முழுக்க நிக்கும். நானே என் வீட்ல அதத்தான் ஆறேழு வருஷம் குடிச்சேன், ஒளிக்கல.


திண்ணைக்காரன் | ஞாயிறு, காலை 10.30

மணி அண்ணே, படித்ததும் எழுந்துபோய்க் கவிழ்த்துப் பார்த்தேன். 7. அடியில் வட்டம் வட்டமாகக் கீறல். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா தேடுற?" என்றாள். எண் தேடுகிறேன் என்றேன். வீடு முழுக்க ஓடி எல்லாப் பாட்டிலையும் கவிழ்த்து, 1, 5, 5, 2 என்று கத்திக்கொண்டே வந்தாள். அண்ணன் சோபாவில் படுத்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

மகள் வயிற்றில் இருந்த வருஷம் நாங்கள் வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தோம். போரில் உப்புத் தண்ணி, வாரம் மூன்று கேன். மூத்தவன் பிறந்தது ஊரில், தாமிரபரணித் தண்ணியில். உடனே மனசு கணக்குப் போடுகிறது. அது கணக்கே இல்லை, ஒரு வீடு ஒரு ஆய்வு ஆகாது என்று கணக்குப்பிள்ளை சார் சொல்வதற்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி இந்த இழையை முழுசாகப் படித்தாள். ஈரத்துண்டு எழுதியதை மட்டும் இரண்டு தடவை. பிறகு, "அடுத்த தடவை டாக்டர்கிட்ட நீங்க பேசுங்க" என்றாள். சரி என்றேன். பிஸ்கட் டப்பாவைப் பூட்டவில்லை, வாங்குவதைக் குறைத்திருக்கிறோம், இரண்டு பேருக்கும். சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன். கேனுக்குப் பதில் என்ன என்று இன்னும் முடிவாகவில்லை, மெட்ரோ தண்ணி எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 10.55

ஒரு வீடு ஒரு ஆய்வு ஆகாது. (சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பட்டறை மணிக்கு ஒரு கேள்வி. என் கடைக் கேனில் முக்கோணமே தேய்ந்துபோய்விட்டது. எந்தச் சாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


பட்டறை மணி | ஞாயிறு, காலை 11.10

காலியானதும் நடுவயித்துல கட்டைவிரல வெச்சு அழுத்துங்க. உள்ள குழிஞ்சு படக்குன்னு சத்தம் வந்தா பெட். கல்லு மாதிரி நின்னா மத்தது.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 11.26

கல்லு மாதிரி நிற்கிறது.